பெயருக்கு முன்னால் ஒரு சொல்: ‘குடி அரசு’ இதழில் ‘தோழர்’

அவைத் தலைவர் அவர்களே, இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரே, பேராசிரியப் பெருமக்களே, மாணவர்களே, ஈரோட்டுப் பெரியோர்களே, வணக்கம்.

உங்களை ஐந்து வகையாகப் பிரித்து விளித்துவிட்டேன். யாருக்கு முதலிடம், யாருக்குப் ‘பெருமக்கள்’, யாருக்கு அடைமொழியே இல்லாத வெறும் ‘மாணவர்கள்’ என்பதெல்லாம் அதில் அடங்கிவிட்டது. இதே ஊரில் 1932 நவம்பர் 13ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியான ‘குடி அரசு’ வார இதழ் இந்த வரிசையை ஒப்பாது. அந்த இதழ் ஒரே ஒரு சொல் போதும் என்றது. அந்தச் சொல் அச்சில் எப்படி நடமாடியது, எங்கெல்லாம் இடறியது, கடைசியில் யார் கைக்குப் போனது என்பதே இன்றைய பேச்சு.

அன்றைய இதழில் ஈ.வெ. ராமசாமி பெயரில் சிறு வேண்டுகோள் ஒன்று வந்தது. தலையங்கம் அல்ல, கட்டுரையும் அல்ல, சில வரிகள்தான். சுயமரியாதை இயக்கத்தாரும் இயக்க அபிமானிகளும் இனி ஒருவரையொருவர் அழைக்கும்போதும் எழுதும்போதும் ‘தோழர்’ என்பதையே வழங்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. மகாராஜராஜஸ்ரீ, திருவாளர், திரு, தலைவர், பெரியார், திருமதி, அம்மையார் ஆகியவை எல்லாம் விலக்கப்பட்டன. ‘குடி அரசு’ம் அடுத்த வாரம் முதல் இப்படியே நடக்கும் என்றும் அதில் இருந்தது. விலக்கப்பட்ட பட்டியலில் ‘தலைவர்’, ‘பெரியார்’ என்ற இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குப் பிற்பாடு வேலை இருக்கிறது.

வேண்டுகோள் வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். 1931 டிசம்பரில் எஸ். ராமநாதனோடும் ஈரோட்டு ராமுவோடும் கப்பலேறிய ஈ.வெ.ரா., எகிப்து, கிரீஸ், துருக்கி, சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின், பிரான்ஸ் என்று சுற்றிவிட்டு, இலங்கையிலும் பேசிவிட்டு, 1932 நவம்பரில்தான் ஊர் திரும்பினார். வந்த கையோடு எழுதியது இந்த வேண்டுகோள். பொதுவுடைமையாளர் சிங்காரவேலர் முன்னிருக்க, இயக்கத்தின் சமதர்ம வேலைத்திட்டமான ஈரோட்டுத் திட்டம் விவாதிக்கப்பட்டது டிசம்பர் 28, 29 தேதிகளில். ஆக, திட்டத்துக்கு ஆறு வாரம் முந்தியே சொல் வந்துவிட்டது. கொள்கை அறிக்கை எழுதி, கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றிய பிறகு அதற்கேற்ற சொல்லைத் தேடவில்லை. கூப்பிடும் முறையை மாற்றிவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போனார். இந்த வரிசையை நான் தற்செயல் என்று எண்ணவில்லை.

ஒழிக்கப்பட வேண்டியதாக அவர் கண்டது எது என்று தெரிய, அதற்கு முந்தைய அச்சுலகைப் பார்க்க வேண்டும். 1882இல் தொடங்கி 1899இல் நாளிதழான ‘சுதேசமித்திரன்’ முதல் 1920களின் வார ஏடுகள் வரை எதைப் புரட்டினாலும், தமிழ்ப் பத்திரிகையில் ஒரு பெயர் தனியாக வருவதில்லை. முன்னால் ஒரு சேவகன், பின்னால் ஒரு சேவகன் வைத்துக்கொண்டுதான் வரும். சர்க்கார் கடிதங்களில் ‘ம-௱-௱-ஸ்ரீ’ என்று சுருக்கி எழுதப்பட்ட மகாராஜராஜஸ்ரீ. ஆங்கிலக் கோப்புகளில் அதுவே எம்.ஆர்.ஆர்.ஒய். பத்திரிகைகளில் ஸ்ரீமான், ஸ்ரீயுத, ஸ்ரீமதி. முஸ்லிம்களுக்கு ஜனாப். வெள்ளையருக்கும் கிறித்தவர் சிலருக்கும் மிஸ்டர், சற்று பயந்தால் துரை. மந்திரிக்கும் சட்டசபைப் பதவிக்காரருக்கும் கனம். ஆங்கில அரசு கொடுத்த ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர், சர். பெயர் முடிந்த பிறகு ஐயர், ஐயங்கார், முதலியார், நாயுடு, பிள்ளை, செட்டியார், கவுண்டர். அதற்கும் பின்னால் ‘அவர்கள்’. ஒரு பொதுக்கூட்டச் செய்தியைப் படித்தால், என்ன பேசினார்கள் என்று தெரிவதற்கு முன்பே யார் எந்த மதம், எந்தச் சாதி, சர்க்காரிடம் எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்துவிடும்.

இந்த வரிசைகளில் பெயரே இல்லாதவர்களும் உண்டு. கூட்டத்துக்குப் பந்தல் போட்டவர், பறை அடித்தவர், வண்டி ஓட்டியவர். அவர்களுக்கு அடைமொழி இல்லாததோடு அச்சில் இடமும் இல்லை.

மாற்று முயற்சி நடக்காமல் இல்லை. மறைமலையடிகள் வழியில் வந்த தனித்தமிழ் அன்பர்கள் ‘ஸ்ரீ’யை ‘திரு’வாக்கினார்கள். ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ நடத்திய திரு.வி.க.வின் நடையில் அது பரவியது. இது வடமொழியை நீக்கியதே தவிர, ஏற்றத்தாழ்வை நீக்கவில்லை. திருவாளர் முதலியார், திருவாளர் ஐயர் என்று எழுதுவதற்குத் தடையொன்றும் இல்லை. 1932 வேண்டுகோள் ‘திரு’வையும் சேர்த்தே விலக்கியதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

‘குடி அரசு’ம் பிறந்தபோது இதே உலகத்தில்தான் இருந்தது. 1925 மே 2இல் திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகள் தொடங்கிவைக்க, ஈ.வெ. ராமசாமி நாயக்கரும் வா.மு. தங்கப்பெருமாள் பிள்ளையும் ஆசிரியர்களாக அது வெளிவந்தது. ஒரு சைவ மடாதிபதி, ஒரு நாயக்கர், ஒரு பிள்ளை! தொடக்க ஆண்டுகளின் இதழ்களில் ஸ்ரீமான்களுக்குப் பஞ்சமில்லை. 1927 டிசம்பரில் ஆசிரியர் பெயரின் பின்னாலிருந்த ‘நாயக்கர்’ உதிர்ந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெயரின் வால் முதலில் போனது, தலைப்பாகை ஐந்து ஆண்டு கழித்துக் கழன்றது என்று சொல்லலாம்.

ஒரு பக்கக் குறிப்பு. ‘குடி அரசு’ தொடங்கிய அதே 1925இல், காவிரியைத் தாண்டித் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அங்கிருந்து 1929இல் மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்ற இதழ் வந்தது. கல்கி கிருஷ்ணமூர்த்தி அந்த இதழில் பணியாற்றினார். ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலுமாக, தமிழ்நாட்டின் இரண்டு உரைநடைகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவாகின. அக்கரை நடை ‘ஸ்ரீ’யை நெடுங்காலம் விடவில்லை. ஈரோடு–திருச்செங்கோடு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த ஆறு இவ்வளவு அகலமா என்று தோன்றும்.

இனி, இந்த ஊர்க்காரர்கள் வாயில் கூப்பிடும் முறை எப்படி இருந்தது? கொங்கு நாட்டுக்காரர் மரியாதைக்குப் பேர் போனவர். ‘ஏனுங்க’, ‘சரீங்க’, ‘வாங்க போங்க’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ சேர்ப்பதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் மயங்கிப்போகிறார்கள். சினிமாக்காரர்கள் அதை வைத்துப் பிழைக்கிறார்கள். அந்த ‘ங்க’ எல்லாத் திசையிலும் ஒரே அளவில் பாய்ந்ததில்லை. இரண்டு கவுண்டர்கள் முதல்முதலாகச் சந்தித்தால் ‘எந்தக் கூட்டமுங்க?’ என்று குலத்தைக் கேட்பார்கள். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. வேறு கூட்டம் என்றால் மாமன், மச்சான், மாப்பிள்ளை. கேள்வி ஒன்றுதான், உறவு உடனே தயார். சாதிக்குள் இது அழகான ஏற்பாடு. சாதிக்கு வெளியே இந்தக் கணக்கு செல்லாது. பண்ணையத்தில் வேலை செய்த நரைத்த தலைக்காரர், பண்ணையத்துப் பையனைச் ‘சாமி’ என்று கூப்பிட, அந்தப் பையன் அவரைப் பெயர் சொல்லி ‘வாடா போடா’ என்பான். ‘ங்க’ கீழிருந்து மேலே மட்டும் போகும்.

உறவுச் சொற்கள் தமிழில் ஏராளம். அவற்றால் அந்நியரைக்கூட அண்ணன், அக்கா, ஐயா என்று அணைத்துக்கொள்கிறோம் என்று பெருமைப்படுகிறோம். ஆனால் ஒவ்வொரு உறவுச் சொல்லும் வயதையாவது ஆண் பெண் வேற்றுமையையாவது உறவு முறையையாவது கேட்டுக்கொண்டுதான் வாயிலிருந்து வரும். யார் மூத்தவர், யார் கொடுக்கல் வாங்கல் உள்ளவர் என்று தெரியாமல் அவற்றைச் சொல்ல முடியாது. எதையும் கேட்காமல் சொல்லக்கூடிய சொல் நம்மிடம் அநேகமாக இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ‘தோழர்’ வந்து நின்றது.

ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த சரக்கு என்று அதைச் சொல்வது பாதி உண்மை. கருத்து அங்கிருந்து வந்திருக்கலாம். அதற்கும் முன்னால், 1922 கயா காங்கிரஸில் சிங்காரவேலர் கூடியிருந்தோரைக் ‘காம்ரேட்ஸ்’ என்று விளித்துத் திகைக்க வைத்திருக்கிறார். 1931 அக்டோபரிலேயே மார்க்ஸ், எங்கெல்ஸ் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கத்தைக் ‘குடி அரசு’ வெளியிடத் தொடங்கியிருந்தது. ஆகவே நிலம் ஏற்கெனவே உழுதிருந்தது. விதை மட்டும் உள்ளூர் விதை.

தோழன், தோழி, தோழமை எல்லாம் சங்கப் பாட்டிலிருந்து வருகிறவை. அகப்பாடல்களில் தோழி இல்லாமல் தலைவி இல்லை. குகனோடு இராமன் கொண்ட தோழமையைக் கம்பன் கொண்டாடுகிறான்; வேடனுக்கும் அரச குமாரனுக்கும் நடுவே அந்தச் சொல் பாலம் போடுகிறது. இன்னும் நெருக்கமான சான்று கொங்கு நாட்டிலேயே இருக்கிறது. சைவ மரபில் சுந்தரருக்குத் ‘தம்பிரான் தோழர்’ என்று பெயர். மற்ற அடியார்கள் இறைவனுக்கு அடிமையாகவும் மகனாகவும் நின்றபோது, இவர் மட்டும் தோழராக நின்றார். பொன் கேட்டார், சண்டை போட்டார், காதலிக்குத் தூது போகச் சொன்னார். முதலை விழுங்கிய பிள்ளையை அவர் மீட்டதாகச் சொல்லும் அவினாசியும், வேடர் உருவில் வந்த பூதகணங்கள் அவரை வழிப்பறி செய்ததாகச் சொல்லும் திருமுருகன்பூண்டியும், அவர் பதிகம் பாடிய கொடுமுடியும் இங்கிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. கடவுளோடுகூடச் சமமாக நிற்பவனுக்குத் தமிழ் வைத்திருந்த பெயரையே கடவுள் மறுப்பாளர் எடுத்துக்கொண்டார். சைவ நூல்களைக் கரைத்துக் குடித்தவர்கள் ‘குடி அரசு’ வாசகர்களிலும் எதிரிகளிலும் நிறைய பேர் இருந்தார்கள். அவர்கள் காதுக்கு இந்தச் சொல் அந்நியமாக ஒலித்திருக்க முடியாது.

அண்டை மொழிகளைப் பாருங்கள். வாளையாறு தாண்டினால் ‘சகாவு’. பி. கிருஷ்ணபிள்ளையை மலையாளிகள் வெறுமனே ‘சகாவு’ என்றாலே போதும், அவரைத்தான் குறிக்கும். சிங்கள இடதுசாரிகள் ‘சகோதரயா’ என்று உடன்பிறப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்திக்காரர் ‘சாத்தி’ என்றார்கள். பலர் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். தமிழ் தன் பழைய சொல்லின் மேல் புது வேலையை ஏற்றியது. அதோடு, தமிழில் ‘அர்’ பலர்பால் ஈறு, மரியாதைக்கும் அதுவே ஈறு. தோழன் என்றால் ஆண், தோழி என்றால் பெண். தோழர் என்றால் இருவரும். சொல்லுக்குள்ளேயே மரியாதை இருப்பதால் தனியாக ‘அவர்கள்’ சேர்க்கத் தேவையில்லை, ஆண் பெண் பிரிக்கவும் தேவையில்லை. ஈ.வெ.ரா. இலக்கணம் பார்த்து எடுத்தாரா என்பதை விடுங்கள். சொல் அந்த வேலையைச் செய்தது.

அந்தச் சொல் இதழில் எப்படி நடமாடியது என்று பார்க்கலாம். மூன்று இடங்களில் அதன் வேலை தெளிவாகத் தெரிகிறது.

கூட்டச் செய்திகளில் வரும் பெயர்ப் பட்டியல் முதலாவது. ‘தோழர்கள்’ என்று தொடங்கி, வரிசையாகப் பெயர்கள், கடைசியில் ‘ஆகியோர் பேசினார்கள்’. ஒரே ஒரு சொல் பத்துப் பெயர்களுக்கும் பொதுவாகிவிடுகிறது. வக்கீலும் மளிகைக் கடைக்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் நெசவாளியும் கமாவால் மட்டுமே பிரிக்கப்பட்டு நிற்கிறார்கள். அச்சுக் கோத்தவருக்கு வேலையும் மிச்சம், ஈயமும் மிச்சம். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. 1935இல் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தன் இதழ்களில் நடைமுறைப்படுத்தியவர், அச்சுப் பெட்டியின் அறைகளைக் குறைப்பது பற்றித் தீவிரமாக யோசித்தவர். அந்தச் சீர்திருத்தத்தை 1978இல்தான் அரசு ஏற்றது. மரியாதைச் சொற்களையும் அவர் அதே கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஒரு வேலைக்கு ஏன் இத்தனை எழுத்து, இத்தனை பட்டம்?

அடுத்தது பெண்கள். சுயமரியாதைத் திருமணச் செய்திகளில் மணமகனும் தோழர், மணமகளும் தோழர். 1929 டிசம்பரில் இதே ஈரோட்டில் குத்தூசி குருசாமியை மணந்த குஞ்சிதம் அடுத்த சில ஆண்டுகளில் அந்த இதழில் தோழர் குஞ்சிதம் ஆனார். நீலாவதி தோழர் நீலாவதி ஆனார். 1933 அக்டோபரில் ஆட்சிமுறையைத் தாக்கி எழுதிய தலையங்கத்துக்காக ஆசிரியரான ஈ.வெ.ரா.வும் வெளியிட்டவரான அவருடைய தங்கை கண்ணம்மாளும் கைதாகித் தண்டனை பெற்றார்கள். ‘குடி அரசு’ நின்று, ‘புரட்சி’ என்ற பெயரில் இதழ் தொடர்ந்தது. அண்ணனும் தோழர், தங்கையும் தோழர். ஸ்ரீமதி, குமாரி, அம்மையார், அம்மாள் என்ற பெண்பால் மரியாதைகள் ஒவ்வொன்றும் அந்தப் பெண் கல்யாணமானவரா, ஆகாதவரா, வயதானவரா, எந்தக் குடும்பத்தவர் என்று சொல்லிவிடும். தோழர் எதையும் சொல்லாது. பெண்ணைப் பற்றி எதையும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை இன்றைய அலுவலக விண்ணப்பப் படிவங்களே இன்னும் கற்கவில்லை.

மூன்றாவது இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எதிரிகள். வேண்டுகோள் இயக்கத்தாரை நோக்கித்தான் எழுதப்பட்டது. ஆனால் இதழ் அதை அதற்கும் அப்பால் நீட்டியது. தோழர் ராஜகோபாலாச்சாரியார், தோழர் சத்தியமூர்த்தி, தோழர் காந்தியார். யாரை வாரந்தோறும் தாக்கினார்களோ அவர்களுக்கும் அதே முன்னொட்டு. தமிழில் ஒருவரை இழிவுபடுத்த வசைச்சொல் தேவையில்லை. மரியாதை விகுதியை எடுத்துவிட்டால் போதும். இன்றைக்கும் நாளிதழ்கள் குற்றம் சாட்டப்பட்டவரைக் ‘கைது செய்யப்பட்டான்’ என்று எழுதுகின்றன. வழக்கு இன்னும் நீதிமன்றத்துக்கே போகவில்லை, வினைமுற்று தீர்ப்பு சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட மொழியில், கடுமையாகத் தாக்கப்படுகிறவருக்கும் ‘தோழர்’ என்று அளவு குறையாமல் கொடுத்தது சாதாரண விஷயமல்ல. சில இடங்களில் அது கேலியாகவும் ஒலித்திருக்கும், மறுக்கவில்லை. கேலியாகப் படித்தாலும் அதில் அவமரியாதை இல்லை. புகழ்ச்சியாகப் படித்தாலும் அதில் தூக்கிவைத்தல் இல்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லிவிட்டுப் போனால் ஆய்வு ஆகாது, வாழ்த்துரை ஆகிவிடும். தோழர் ராஜகோபாலாச்சாரியார் என்ற தொடரையே பாருங்கள். முன்னால் தோழர், பின்னால் ஆச்சாரியார். முகப்பில் சமத்துவம், கொல்லையில் சாதி. இயக்கத்தார் தங்கள் வாலை வெட்டிக்கொண்டார்கள். வெளியார் வாலை வெட்ட அவர்களுக்கு உரிமையில்லை, அப்படி வெட்டினால் யாரென்றே வாசகருக்குத் தெரியாமலும் போகும். முஸ்லிம் தலைவர்களுக்கு ஜனாப் பிறகும் தலைகாட்டியது. 1937க்குப் பிறகு ராஜாஜி மந்திரிசபையை எழுதும்போது ‘கனம்’ வந்தது. நீதிக்கட்சி நெருக்கம் கூடக் கூட ‘சர்’களும் வந்தார்கள். நம் ஊர்ப் பன்னீர்செல்வம் பூங்கா யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஏ.டி. பன்னீர்செல்வம், அந்த ஏடுகளில் ‘சர் பன்னீர்செல்வம்’ என்று வந்தார். அரசுப் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த கட்சிக்குத் தலைமை ஏற்கும்போது சொல் கொஞ்சம் வளைந்துகொடுக்கத்தான் வேண்டியிருந்தது. இதைச் சரிசெய்ய 1944 ஆகஸ்டில், பக்கத்துச் சேலத்தில், இன்னொரு மாநாடு தேவைப்பட்டது. அரசு தந்த பட்டங்களையும் சாதிப் பின்னொட்டுகளையும் விட வேண்டும் என்று அண்ணாதுரை தீர்மானம் கொண்டுவந்ததும், திராவிடர் கழகம் என்ற பெயர் வந்ததும் அங்கேதான். பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பு ஈரோட்டில் சில வரிகளில் சொன்னதையே சேலத்தில் தீர்மானமாக எழுத வேண்டியிருந்தது என்றால், இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு திரும்பி வந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நினைவில் வைக்கச் சொன்ன இரண்டு சொற்களுக்கு வருகிறேன். 1938 நவம்பர் 13ஆம் தேதி சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என்றே வழங்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேண்டுகோள் வெளிவந்து ஆறு ஆண்டுகள் நிறைந்த அதே தேதி. விலக்கப்பட்ட பட்டியலிலிருந்து ஒரு சொல் எழுந்து வந்து, விலக்கியவர் மேலேயே உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு சாமி சிதம்பரனார் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றின் தலைப்பு ‘தமிழர் தலைவர்’. இரண்டாவது சொல்லும் வந்து சேர்ந்தது. தேதிப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். மாநாட்டுப் பெண்கள் இந்தியெதிர்ப்புச் சூட்டில் இருந்தார்கள், அன்பாகக் கொடுத்தார்கள். இதில் முரண்பாடு கண்டுபிடித்துக் கைதட்டுவது எளிது. நான் அதைவிட முக்கியமாகக் காண்பது வேறு: தமிழர்களுக்கு மதிக்கத் தெரியும், ஆனால் சமமாக வைத்து மதிப்பதற்குப் பழக்கம் போதவில்லை. யாரை நேசிக்கிறோமோ அவரை ஒரு படியாவது ஏற்றிவிட்டால்தான் நமக்கு மனம் ஆறுகிறது. இன்று நானும் இந்த மேடையில் அவரைப் பெயர் சொல்லிப் பேசும்போது சிலர் நெளிவதைப் பார்க்கிறேன்.

இயக்கம் பிளந்தபோது சொல்லும் பிளந்தது. 1934இல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது, 1935இல் ஈ.வெ.ரா. பொதுவுடைமைப் பிரசாரத்திலிருந்து பின்வாங்கினார். ஜீவானந்தமும் மற்றவர்களும் பிரிந்தார்கள். கொள்கை யாருக்குச் சொந்தம் என்று சண்டை நடந்தது; ‘தோழர்’ யாருக்குச் சொந்தம் என்ற சண்டை மட்டும் நடக்கவே இல்லை. இரு தரப்பும் எடுத்துக்கொண்டு போனார்கள். 1937இல் தொடங்கிய ‘ஜனசக்தி’யிலும் தோழர், ‘விடுதலை’யிலும் தோழர். கோவை மில்களில் அந்தச் சொல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வாய்க்கும் வந்தது. சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946 ஜனவரி 8இல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆண்டுதோறும் நினைவுநாளில் அவர்கள் பெயருக்கு முன்னால் தோழர்தான் வருகிறது. அவர்கள் வாழ்ந்த காலத்து ஸ்ரீமான் உலகத்தில் அவர்களுக்கு எந்த முன்னொட்டும் கிடைத்திருக்காது. இதற்காகவே அந்தச் சொல்லுக்கு நான் கடன்பட்டவனாக உணர்கிறேன்.

ஆனால் ஒன்று சுருங்கியது. கட்சி ஏடுகளில் தோழர் என்பது உறுப்பினருக்கு மட்டும் ஆயிற்று. நம்மவர் தோழர், மற்றவர் திரு. இன்றைக்கும் ஒரு கட்சிப் பத்திரிகையைப் படித்தால், செய்தியில் வரும் பத்துப் பேரில் யார் கட்சிக்காரர் என்று முன்னொட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். எதிரிக்கும் தோழர் என்று கொடுத்த ஈரோட்டு அச்சின் தாராளம் போய்விட்டது. யாரையும் எதுவும் கேட்காமல் சொல்வதற்கென்று வந்த சொல், ‘நீ எந்தக் கூட்டம்?’ என்று கேட்க ஆரம்பித்தது. இதைப் பொதுவுடைமைக்காரர்கள் மேல் மட்டும் சுமத்தக் கூடாது; திராவிடர் கழகத்திலும் ‘கழகத் தோழர்’ என்ற தொடர் அதையேதான் செய்கிறது.

1949இல் பிரிந்த தி.மு.க. இன்னொரு திசையில் போனது. ஈரோட்டில் ‘விடுதலை’யில் வேலை பார்த்த அண்ணாதுரையின் பெயர்ச் சுருக்கமே உறவுச் சொல்லாக அமைந்துவிட்டது. ‘திராவிட நாடு’ ஏட்டில் 1955 முதல் அவர் எழுதிய கடிதங்கள் தம்பிக்கு எழுதியவை. ஈரோட்டுக் ‘குடி அரசு’ அலுவலகத்தில் துணையாசிரியராக இருந்த கருணாநிதி ‘முரசொலி’யில் ‘உடன்பிறப்பே’ என்று எழுதினார். எம்.ஜி.ஆர். அதற்கு மேல் ரத்தத்தையும் சேர்த்தார். தோழமை போய்க் குடும்பம் வந்தது. மக்கள் மனத்தில் அது எவ்வளவு ஆழமாக இறங்கியது என்று நான் சொல்லத் தேவையில்லை, தேர்தல் முடிவுகள் சொல்லும். குடும்பம் என்று வந்துவிட்டால் அண்ணன் அண்ணன்தான், தம்பி தம்பிதான். வரிசை மாறாது. பின்னால் அந்தக் கட்சிகளில் குடும்பம் என்ற சொல் உருவகமாக மட்டும் நிற்கவில்லை என்பது வேறு கதை.

அரசாங்கக் காகிதத்தில் வென்றது எது? 1967இல் முதலமைச்சரானதும் அண்ணா ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி ஆகியவற்றை எடுத்துவிட்டுத் திரு, திருமதி, செல்வி என்று வழங்கச் செய்தார். முப்பத்தைந்து ஆண்டுக்கு முன் ஈரோட்டு வேண்டுகோள் விலக்கிய திருவும் திருமதியும் அரசாணையாக வந்து அமர்ந்தன. வடமொழி போயிற்று. கல்யாணமானவளா இல்லையா என்ற கேள்வி அப்படியே நின்றது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். ‘குடி அரசு’ இன்று தொகுதி தொகுதியாக நூல் வடிவில் கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால் தொகுப்பாளர்கள் எடுத்துப் போட்டவை பெரும்பாலும் தலையங்கங்கள், கட்டுரைகள், சொற்பொழிவுகள். நான் இவ்வளவு நேரம் பேசிய சொல் முழு வேகத்தோடு நடமாடுவது அங்கே அல்ல. கிளைக் கூட்டச் செய்திகள், திருமண அறிவிப்புகள், நன்கொடைப் பட்டியல்கள், மறைவுக் குறிப்புகள், சந்தா பாக்கி நினைவூட்டல்கள், விளம்பரங்கள் என்று பொடி எழுத்தில் அச்சான பகுதிகளில்தான். அவற்றுக்கு மூல இதழ்களைத்தான் பார்க்க வேண்டும். சென்னையில் பெரியார் திடல் நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. 1932 நவம்பர் 13 இதழையும் நவம்பர் 20 இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொடி எழுத்துப் பகுதியில் உள்ள ஒவ்வொரு பெயரையும் அதன் முன்னொட்டோடு எழுதுங்கள். பிறகு அதே பெயர்கள் 1935இலும் 1938இலும் 1944இலும் எப்படி வருகின்றன என்று தேடுங்கள். பெருந்துறை, பவானி, கோபி, தாராபுரம் என்று நம் வட்டாரக் கிளைகளிலிருந்து வந்த செய்திகளை முதலில் எடுங்கள். அந்தப் பெயர்களில் சிலருடைய பேரன் பேத்திகள் இந்த அரங்கிலேயே இருக்கக்கூடும்.